ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தைத்தான் துலக்க வேண்டும்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாள் காலையில் பல் துலக்கித் துப்பியபோது நுரையில் ரத்தம் கலந்திருந்தது. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் உட்புறத்திலிருந்து வந்தது. பிரஷ் குத்திவிட்டது என்று எண்ணி மென்மையான பிரஷ் ஒன்றை வாங்கினேன். அதிலும் நிற்காததால் அந்த இடத்தைப் பட்டும் படாமலும் துலக்கத் தொடங்கினேன். புண்ணாக இருக்கும் இடத்தைத் தொடாமல் ஆறவிட வேண்டும் என்றுதானே நாம் பழகியிருக்கிறோம். வலி ஏதும் இல்லாததால் இரண்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பிறகு ஒரு சொத்தைப் பல்லுக்காகப் பல் மருத்துவரிடம் போனபோது, அவர் அளவுக்கோடுகள் இட்ட மெல்லிய கருவி ஒன்றை அந்த ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்த்து, 5 மில்லிமீட்டர் என்று உதவியாளரிடம் சொல்லி எழுதச் செய்தார். நலமான ஈறில் அந்தப் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

ரத்தம் வந்தது பிரஷ்ஷால் அன்று, பிரஷ் படாததால் என்று அவர் விளக்கியபோது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது. துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மீது நுண்ணுயிர்கள் படலமாகப் படியத் தொடங்குகின்றன. ஈறோரத்தில் அந்தப் படலம் நாள்கணக்கில் தங்கினால் ஈறு வீங்கிச் சிவக்கிறது. அந்த நிலையில் லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும். படலத்தில் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இறுகிக் காரையாகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. நானோ ரத்தத்துக்கு அஞ்சி, படலத்தை இரண்டு ஆண்டுகள் அங்கேயே வளரவிட்டிருக்கிறேன்.

இதைப் பற்றி அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், நலமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

அதே லோ 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை ஆராயத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார். அவர்களுள் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் ஈறு நோய் மிக வேகமாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. அந்தத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் மலையகத் தமிழர்கள் என்பதை எண்ணும்போது, மருத்துவம் எட்டாத அவர்களுடைய வாய்களிலிருந்துதான் உலகப் பல் மருத்துவர்கள் இந்த நோயின் போக்கைக் கற்றார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது. நாம் எந்த விழுக்காட்டில் இருக்கிறோம் என்பதை நம் வாயைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியாது.

என் அம்மா கடைசிவரை உமிக்கரியில் உப்புச் சேர்த்து விரலால் துலக்கியவர். பல் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஐம்பது வயதுக்குள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. விரல் பல்லின் முகப்பைத் தேய்க்குமே தவிர ஈறோரத்தையும் பல்லிடுக்கையும் எட்டுவதில்லை. கரகரப்பான பொடியோ நாளடைவில் பல்லைத் தேய்த்துக் கூச்சத்தை உண்டாக்கும்.

இப்போது நான் பிரஷ்ஷை ஈறோரத்தில் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் வைத்து, அழுத்தாமல், இரண்டு மூன்று பற்களாகச் சிறிய அசைவுகளில் இரண்டு நிமிடம் துலக்குகிறேன். கீழ் முன்பற்களின் உட்புறத்தை ஒருநாளும் விடுவதில்லை. எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதால் காரை விரைவாகப் படியும் இடம் அது. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, உடனே தண்ணீரால் கொப்பளிப்பதையும் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்த ஃப்ளோரைடு சிறிது நேரமாவது பல்லின் மேல் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பல் துலக்காமல் காப்பி தர மாட்டார்கள். இரவில் துலக்காமல் படுத்தால் ஒருவரும் கேட்பதில்லை. தூக்கத்தில், பல்லைக் கழுவிக் காக்கும் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இரவையே தேர்ந்தெடுப்பேன்.

காரையைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று உறவினர்கள் என்னைத் தடுத்தார்கள். உள்ளபடி, காரை மூடியிருந்த இடைவெளி அது நீங்கிய பின் நாக்குக்குத் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் பல் நீண்டதுபோலவும் தோன்றுகிறது. சர்க்கரை நோயுள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஈறு நோய் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும், கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முற்றச் செய்யும்.

மருத்துவர் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்த பின், அந்த இடத்தை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் துலக்கச் சொன்னார். முதல் சில நாள்கள் ரத்தம் வந்தது, பிறகு நின்றது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது பள்ளம் 3 மில்லிமீட்டர். கரைந்துபோன எலும்பு மட்டும் திரும்பவில்லை; அந்த இடுக்கில் கீரையும் தேங்காய்த் துருவலும் இன்றும் சிக்குகின்றன. அதற்காகக் குப்பி கழுவும் பிரஷ்போன்ற மிகச் சிறிய இடுக்குப் பிரஷ் ஒன்றை ஒவ்வோர் இரவும் அதற்குள் விட்டு எடுக்கிறேன்.