நாலத்தனையும் ஐந்தில் ஒரு பங்கும்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். இந்த ஆண்டு எனக்கு வந்தது 2 கொரிந்தியர் 5:17: 'பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின.' வீட்டுக்கு வந்து அதைப் பீரோக் கண்ணாடியில் செருகி வைத்தேன். வீடு கட்டிய காலத்துக் கணக்கு நோட்டும் அதே பீரோவில்தான் கிடக்கிறது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'கொத்தனார் பாக்கி 4,000' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. பால்கனிச் சுவரில் நீர் கசிகிறது என்று சொல்லி நான் பிடித்து வைத்த கூலி அது. பூச்சில் குறையில்லை, நான் விலை பார்த்து வாங்கிக் கொடுத்த குழாய்தான் விரிசல் விட்டிருக்கிறது என்று மறு வருடமே பிளம்பர் சுவரை உடைத்துக் காட்டினார். அப்போதும் நான் பணத்தைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிந்திய வருடங்களில் உபவாச ஜெபங்களுக்குப் போனேன், சாட்சி சொன்னேன், வாலிபர் கூட்டத்தில் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசவும் செய்தேன்.

ரோமர் 12:2இல் பவுல், இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் தரிக்காமல், மனம் புதிதாகி மறுரூபமாகுங்கள் என்கிறார். மலையின்மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்ல மத்தேயு 17இல் வருகிற அதே கிரேக்க வினைதான் இங்கேயும் வருகிறது. ஒரு நாளில் நடந்து முடிவதாக அல்ல, நடந்துகொண்டே இருப்பதாக. நம் வேதாகமத்தில் வேஷமும் ரூபமும் ஒரே வசனத்தில் எதிரெதிரே நிற்பதை, அத்தனை முறை வாசித்தும், நான் இந்த ஜனவரியில்தான் கவனித்தேன்.

இயேசுவைப் பார்க்க ஏறிய காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிய சகேயுவிடம், வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்தவனிடம், அவர் கணக்குக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டுமே சொன்னார். தானாகக் குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7. ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோதான் யாத்திராகமம் நாலு மடங்கு விதிக்கிறது. எரிகோவின் ஆயக்காரத் தலைவனான இந்தச் சகேயு, யாரும் கேளாமலே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொல்லி, திருடனுக்குரிய கணக்கைத் தனக்குப் போட்டுக்கொண்டான். (ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்ததெல்லாம் அவனுடைய குள்ளத்தைப் பற்றித்தான்.)

நாலத்தனைக்கு எனக்கு மனம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதல் 4,000, ஐந்தில் ஒரு பங்கு 800. ஒரு சனிக்கிழமை மாலை கொத்தனார் வீட்டைத் தேடிப் போனேன். சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பணத்தை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.

"எண்ணூறு கூட இருக்கே சார்?"

"உங்களுக்குத்தான். அன்னிக்குக் கசிஞ்சது உங்க வேலையால இல்லண்ணே. நான் வாங்கித் தந்த குழாய்."

"அது எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, காப்பி போடச் சொன்னார்.