பந்து போட்டு விளையாடலாமா?

அந்தப் போன் பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். உதவியாளர் அண்ணன் போனை என் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ப்ரூனோவை நீலாங்கரை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

"அஞ்சு மணிக்கு மேல போங்க சார். புறங்கைய மணல்ல வச்சுப் பாருங்க, உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். குடிக்கத் தண்ணி எடுத்துக்கங்க. கயிற விட்றாதீங்க."

"பந்து போட்டு விளையாடலாமா?"

"லேப்ரடார்தானே, நல்லா விளையாடட்டும்."

இந்தக் கடைசி வரிதான். முதலில் சொன்னதில் எதையும் இன்றைக்கும் மாற்ற மாட்டேன். அந்த வாரம் வெயில் தாக்கி வந்த இரண்டு நாய்களுக்கு உடம்புச் சூடு 107 டிகிரி. சாதாரணமாக 101, 102 இருக்க வேண்டியது. நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். அதனால் என் மண்டைக்குள் முழுக்க வெயில். கடற்கரை என்று அவர் சொன்னதில் எனக்குக் கரை மட்டும்தான் கேட்டிருக்கிறது.

இரவு பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, பேதி, குடித்தவன் மாதிரித் தள்ளாட்டம். "வெயில் தாக்கிடுச்சா டாக்டர்?" என்றார். சூடு 102தான். "கடல்ல இறங்குச்சா?" என்று கேட்டேன். அவருடைய மகள், ஏழெட்டு வயதிருக்கும், பெருமையாகச் சொன்னாள்: "நாப்பத்தி ரெண்டு வாட்டி பந்து எடுத்துட்டு வந்துச்சு. நான் எண்ணுனேன்."

டென்னிஸ் பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அலை உள்ளே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதியாகும். ரத்தத்தில் ஏறினால் மூளையிலிருந்தே தண்ணீரை இழுக்கும். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, 155-க்குள் இருக்க வேண்டும். ப்ரூனோவுக்கு 180. ட்ரிப் ஏற்றுவதற்குள் மேசையிலேயே வலிப்பு வந்துவிட்டது.

உப்பு ஏறிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது, கொஞ்சம் வேகமாக இறக்கலாம். ஆனால் கணக்குத் தப்பினால் மூளை வீங்கிவிடும். விடிய விடிய அளந்து அளந்து ஏற்றினோம். மூன்றாம் நாள் எழுந்து வாலை ஆட்டியது.

பிழைத்துவிட்டதே, அப்புறம் என்ன என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டது சரிதான். ஆனால் பில் கட்டும்போது அந்த மனிதர் சொன்னார்: "நீங்க சொன்ன எல்லாமே செஞ்சோம் டாக்டர். நீளமான கயிறுகூடப் புதுசா வாங்குனேன். தண்ணி பாட்டில்ல அப்படியே இருக்கு, விளையாட்டு மும்முரத்துல அது குடிக்கவே இல்ல." குரலில் குற்றச்சாட்டே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தையல் ஊசி கையில் இருந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னேன், இதற்குமேல் போனில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? கல்லூரியில் உப்பு நஞ்சைப் பன்றிகளுக்கான பாடத்தில்தான் படித்தோம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அது உண்மைதான். ஆனால் கேட்க எவ்வளவு சப்பையாக இருக்கிறது!

பந்தைப் பற்றி அவர் தனியாகக் கேட்டாரே என்பதுதான் உறுத்துகிறது. நானாக யோசித்திருக்க வேண்டியதை அவரே எடுத்துக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் யாராவது பீச் என்றால் ஐந்து நிமிடம் பேசுகிறேன். பந்தை மணலில் போடுங்கள், தண்ணீரில் வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால் தட்டையான பொம்மை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நல்ல தண்ணீர் காட்டுங்கள். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை என்ற விஷ மீனை வாயில் வைக்க விடாதீர்கள், அந்த விஷத்துக்கு மாற்றுமருந்து கிடையாது. வீட்டுக்கு வந்து உப்புப் போகக் கழுவுங்கள். போன மாதம் இதையெல்லாம் கேட்ட ஒரு அம்மா, "அப்போ வேணாம் டாக்டர், மொட்டை மாடியிலயே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார். அந்த நாய்க்கு நான் நல்லது செய்தேனா என்று தெரியவில்லை. லேப்ரடார் தண்ணீருக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம்.

சென்ற வாரம் ப்ரூனோ தடுப்பூசிக்கு வந்திருந்தது. நன்றாகக் குண்டாகியிருக்கிறது. அந்தப் பெண் குழந்தையும் கூட வந்திருந்தாள், வளர்ந்துவிட்டாள்.

"டாக்டர் ஆன்ட்டி, பந்து இல்லாம பீச்சுக்குப் போலாமா?"

போகலாம். தாராளமாகப் போகலாம். இந்த இரண்டு வருடத்தில் இதற்கான பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எடையை அட்டையில் குறித்துக்கொண்டே, "பார்க்கலாம்மா" என்றேன்.