எலி மருந்து அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது என்று டாக்டருக்கு போன் போட்டால், "என்ன மருந்து? பேர் என்ன?" என்றுதான் முதலில் கேட்பார். பதில் தெரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எலி மருந்து என்ற ஒரே பேரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷங்கள் புழங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அதனால் நாய், பூனை வளர்க்கிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: எலி மருந்து வாங்கினால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மருந்தை வைத்த அன்றே அட்டையை போனில் படமும் எடுத்து வையுங்கள்.

வயல்காரர்கள் வைப்பது பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடு. கருஞ்சாம்பல் நிறப் பொடி. பொரியிலோ அரிசியிலோ எண்ணெய் விட்டுப் பிசறி வரப்பில் வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பின் என்ற வாயுவாகக் கிளம்பும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்; தனியாக மாற்று மருந்தும் கிடையாது. இதைத் தின்ற நாய்க்குச் சோறு போடக் கூடாது. சாப்பாடு உள்ளே போனால் அமிலம் சுரக்கும், வாயுவும் கூடும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால் குனிந்து மோந்து பார்க்காதீர்கள். காரில் கொண்டு போகும்போது கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். அந்த வாயு நமக்கும் விஷம்.

கடையில் கட்டி கட்டியாக விற்கும் கேக் வேறு ரகம். அதில் இருப்பது பெரும்பாலும் புரோமடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுப்பது அதன் வேலை. இதில் பெரிய ஆபத்தே, தின்ற அன்றும் மறுநாளும் நாய் நன்றாக இருப்பதுதான். பக்கத்து வீட்டு அக்காவின் நாய் மணி அதைத் தின்றபோது, "நல்லாத்தாம்மா இருக்கு, வாலாட்டுது பாரு" என்றுதான் அக்கா சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கடித்துக் குதறிய அட்டை கிடந்தது. பேரில் முன்பாதி போய்விட்டது. "டியோலோன்" என்பதும் 0.005 என்ற எண்ணும் மட்டும் மிச்சம். அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். "உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்ததில் பச்சைப் பச்சையாகத் துண்டுகள் வந்தன. இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறுநீரில் ரத்தம், ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும்போதுதான் போயிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கும்.

அப்புறம் வாரக் கணக்கில் வைட்டமின் கே1 மாத்திரை. மருந்துக் கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது கே3. "இதுவும் கே தாங்க" என்றார் கடைப் பையன். இந்த விஷத்துக்கு கே3 வேலை செய்யாது. சீட்டில் கே1 என்றிருந்தால் கே1தான் வேண்டும், எத்தனை கடை ஏறி இறங்கினாலும் சரி. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். நாய் துள்ளுகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட். ஈரலைக் கெடுத்துவிடும், மாற்று மருந்தும் இல்லை. தமிழ்நாட்டில் தடை செய்தாகிவிட்டது. பழைய டியூப் பரணில் கிடக்கிறதா என்று பார்த்து அப்புறப்படுத்துங்கள்.

விஷம் என்றதும் நம் வீடுகளில் கை நேராக உப்புத் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் புளிக்கரைசலுக்கும்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். அதிக உப்பே நாயைக் கொன்றுவிடும். மோரோ எண்ணெயோ வாயில் புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். ஆசிட், டாய்லெட் கிளீனர், மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தியே எடுக்க வைக்கக் கூடாது; ஆசிட் மாதிரியானவை போன வழியெல்லாம் புண்ணாக்கிவிட்டு, வரும் வழியையும் புண்ணாக்கும்; மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வலிப்பு வந்தாலும் நினைவு தப்பினாலும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பூச்சிமருந்து என்றால் பெரும்பாலும் எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், கண்பாப்பா புள்ளியாகச் சுருங்கும், உடம்பு நடுங்கும். அட்ரோபின் ஊசி இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள். மருந்து மேலே பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். நக்க விடக் கூடாது. உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்திலும் நக்க விடாமல் இதே கவனம் வேண்டும்.

பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று பாராசிட்டமால் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், பூனை செத்துப்போகும்.

எங்கள் வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். டாக்டர் நம்பர், ராத்திரியில் திறந்திருக்கும் கிளினிக், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி நம்பர், நாயின் எடை. கூடவே, நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்த ஆட்டோ அண்ணனின் நம்பர். பல ஆட்டோக்காரர்கள் வாந்தி எடுக்கும் நாயை ஏற்ற மாட்டார்கள். முன்பே பேசி வைப்பது நல்லது. 1962 என்ற நம்பரில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

தெருநாய்க்கு யாராவது வேண்டுமென்றே விஷம் வைத்தால் அது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அவசரப்பட்டுப் புதைத்துவிட்டால் நிரூபிக்க முடியாது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் கிடக்கும் மிச்சத் தீனியை வெறுங்கையால் தொடாமல் கவரில் எடுத்துக் கட்டி அதையும் சேர்த்துக் கொடுங்கள்.