ஈர வேரும் நீண்ட இறக்கமும்

பழங்காட்டுப் பாதையில் மவுண்டன் பைக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சேறு அல்ல, ஈர வேர். பட்டை தேய்ந்த வேர் சாய்வாகக் கிடந்தால் முன்சக்கரத்தைத் தன் போக்கில் இழுத்துவிடும். அதனால் வேரைக் குறுக்காக, முடிந்தவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். பிரேக் பிடிப்பதெல்லாம் வேருக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். வேரின் மேல் சக்கரம் சும்மா உருளட்டும், ஹேண்டில்பாரைத் திருப்பவும் வேண்டாம்.

காற்றழுத்தம் சரியாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர், ஓட்டுபவர் 70 கிலோ என்றால் முன்னால் 20-22 பிஎஸ்ஐ, பின்னால் 23-25 வைத்துத் தொடங்குங்கள். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கள்.

ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் நீண்ட சரிவில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் ரோட்டர் (பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) சூடேறி பிரேக்கின் பிடிமானம் குறையும். அழுத்திப் பிடித்து, வேகம் தணிந்ததும் முழுதாக விடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: சேற்றைத் தவிர்க்கப் பாதையோரம் ஏறி ஓட்டாதீர்கள். முதிய மரங்களின் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் நீரும் போகாது. சேற்றின் நடுவிலேயே ஓட்டுங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.