நாலாவது திருப்பத்தைப் பற்றிய சண்டை

மார்ச் 1, சனி

அக்கா ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்ட க்ரைம் நாவல் இது. நான் இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் வீட்டில் இரண்டு கட்சி. “கடைசியில தூக்கிவாரிப் போடும் பாருடி” என்கிறாள் அக்கா. “எனக்குக் கடைசியில கோபம்தாம்மா வந்தது” என்கிறார் சித்தப்பா. அதற்கு மேல் இருவரும் வாய் திறக்கவில்லை. சொன்ன வரைக்குமே பாதி கெட்டுப்போனது. கடைசியில் ஏதோ காத்திருக்கிறது என்று தெரிந்தபிறகு ஒரு பாத்திரத்தையும் நம்பிப் படிக்க முடியவில்லை. இரண்டே வரி பேசும் சமையல்காரரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

கதை இதுதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தன் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறக்கிறார். கதையைச் சொல்பவள் அவருடைய மருமகள். நாவலின் பெயரை எங்கேயும் எழுதப்போவதில்லை, அதனால் இனி தாராளமாகப் பேசலாம்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் திருப்பம்: தற்கொலைக் கடிதம் நீதிபதியின் கையெழுத்துதான், ஆனால் எழுதி இருபது வருடம் ஆகிறது. நன்றாக இருந்தது. அவர் ஏன் அன்று சாகவில்லை, கடிதத்தை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தது யார் என்று அதிலிருந்தே கேள்விகள் கிளம்புகின்றன.

இரண்டாவது: சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவி எழுந்து நடக்கிறாள். சரி, விடுங்கள்.

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது திருப்பத்துக்கு எழுந்து நின்று கைதட்டலாம். இரவு பதினொரு மணிக்கு நீதிபதியின் அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன் என்று காவலாளி சொல்கிறார். மொத்த விசாரணையும் அந்த ஒரு வாக்குமூலத்தின் மேல் நிற்கிறது. பொய். அன்று இரவு மின்சாரமே இல்லை. அது நமக்கு முன்பே தெரியும்! இரண்டாம் அத்தியாயத்தில் லிஃப்ட் ஓடாததால் மருமகள் மூச்சு வாங்க ஏழு மாடி ஏறுகிறாள். மாமியார் மேல் அவளுக்குள்ள எரிச்சலைக் காட்டத்தான் அந்தக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். தடயத்தை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது: வாசகர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும் இடம்.

அலுவலகத் தோழியும் இதையேதான் படிக்கிறாள். அவளுக்கு இந்த இடம் பெரிதாகப் படவில்லை. “அதுக்குள்ள விளக்கையே மறந்துட்டேன்பா” என்றாள். வேகமாகப் படிப்பவர்களுக்கு இந்த வகைத் திருப்பம் பாதி வீண்தான். எதை மறந்தோம் என்பதே நினைவில் இல்லாவிட்டால் அதிர்ச்சி எங்கிருந்து வரும்?

மார்ச் 5, புதன்

முடித்தேன். நாலாவது திருப்பம்: தள்ளிவிட்டவள் மருமகளே. நான் சித்தப்பா கட்சி.

மார்ச் 8, சனி

இன்று மூவரும் உட்கார்ந்து ஒரு பாடு பேசித் தீர்த்தோம்.

சித்தப்பாவின் வழக்கு சட்டப்படி. அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் வான் டைன் 1928ல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். மர்மத்தை அவிழ்க்கத் துப்பறிபவருக்கு உள்ள வாய்ப்பு வாசகருக்கும் இருக்கவேண்டும் என்பது அதில் முதலாவது. அடுத்த வருடம் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் பத்து விதிகள் போட்டார். யாருடைய மனதுக்குள் போய் வாசகர் பார்த்துவிட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்கிறது அவருடைய முதல் விதி. “நானூறு பக்கம் அவ மனசுக்குள்ளதானேம்மா குடியிருந்தோம்?” என்றார் சித்தப்பா.

அக்கா அசரவில்லை. “விதியைப் பார்த்தா யார் சித்தப்பா கதை எழுதறாங்க?” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் நாவல் 1926ல் வந்தபோது அதன் முடிவை ஏமாற்று வேலை என்றவர்கள் இருந்தார்கள். கிறிஸ்டிக்காகப் பேசிய இன்னொரு துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ், எல்லாரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்றார். அதே நாவலைத்தான் 2013ல் பிரிட்டனின் க்ரைம் எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள், எழுதப்பட்டவற்றிலேயே சிறந்த க்ரைம் நாவலாகத் தேர்ந்தெடுத்தார்கள். (அதன் முடிவை இங்கே எழுதமாட்டேன். ஏறக்குறைய நூறு வயதான புத்தகத்துக்கும் அந்த மரியாதை உண்டு.)

என் குறை விதியைப் பற்றியது இல்லை. கதைசொல்லி எதையாவது சொல்லாமல் விட்டால் எனக்கு ஆட்சேபமே கிடையாது. ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், நடுராத்திரியில், பக்கத்தில் ஒரு ஆள் இல்லாதபோது, “யார் இதைச் செய்திருப்பார்கள்?” என்று அவள் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். யாரை ஏமாற்ற? அறையில் வேறு யாரும் இல்லையே. நம்மைத்தான். அந்த வரியைப் பேசுவது அவள் இல்லை, எழுத்தாளர்.

“மனுஷங்க தனக்குத்தானே பொய் சொல்லிக்க மாட்டாங்களா?” என்று அக்கா கேட்டாள். சொல்லிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் இவள் என்பதற்கு வேறெங்காவது ஒரு சாடை காட்டியிருக்கவேண்டும். காட்டியிருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறாள் அக்கா. தேடிப் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

சித்தி இன்று சொன்னது: “எனக்கு அந்த மாமியார் மருமகள் பேச்சுதான் பிடிச்சுது. கொலை யார் பண்ணினா என்ன.” மற்றவர்களுக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

தோழி ஒரு அநியாயம் செய்திருக்கிறாள். முக்கால்வாசியில் பொறுமை போய், கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் மீதியைப் படித்தாளாம். அவளுக்கு நாவல் ரொம்பப் பிடித்துவிட்டது! இதைக் கேட்டால் அந்த எழுத்தாளர் அழுதுவிடுவார்.

கலிஃபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். கதையின் முடிவு முன்பே தெரிந்தவர்கள்தான் அதைக் கூடுதலாக ரசித்திருந்தார்கள். ஆனால் பிறகு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேர் எதிராக வந்தது. அதனால் இதை வைத்துக்கொண்டு யாரும் யார் வாயையும் அடைக்க முடியாது.

தோழி விஷயத்தில் காரணம் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டாம் அத்தியாயம் என்னைக் கோபப்படுத்தியது, அவளைப் பயமுறுத்தியிருக்கிறது. கொலை செய்தவள் அது நடக்கவே இல்லை என்பதுபோல் யோசிப்பதைத் தெரிந்துகொண்டே படித்திருக்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

மருமகள் வரும் இடங்களை மட்டும் பென்சிலும் கையுமாக மறுபடி படித்தேன். அக்காவுக்குச் சாதகமாக ஒரு இடம் கிடைத்தது. நான்காம் அத்தியாயத்தில் அவள் சின்ன வயதில் பூச்சாடியை உடைத்துவிட்டு, பூனை உடைத்ததாகத் தானே நம்பியதைச் சொல்கிறாள். சரி, சாடை இருக்கிறது. ஆனால் ஒரு பூச்சாடி இவ்வளவு பெரிய பொய்யைத் தாங்குமா? சித்தப்பா “தாங்காது” என்கிறார், நானும். காவலாளியின் பொய்யை நாமே பிடித்திருக்க முடியும். மருமகளின் பொய்யை, அவளாக ஒப்புக்கொள்ளும் வரை, பிடிக்க வழியே இல்லை. மூன்றாவதோடு கதை கச்சிதமாக முடிந்திருந்தது. நாலாவது பேராசை.

அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த எழுத்தாளரின் அடுத்த நாவலுக்கு முன்பதிவுகூடச் செய்துவிட்டாள்.

இப்போது சித்தி மகன் புத்தகத்தைக் கேட்கிறான். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தோடு மூடிவைத்துவிடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கேட்கமாட்டான்.