சுவரில் மாட்டிய உறுமி

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தோட்டத்துக் கூட்டாளி தூக்கத்திலேயே போய்விட்டான். வயது 51. ஓய்வு பெற்றதும் உறுமி மேளம் கற்றுக்கொள்வேன் என்பான். சுவரில் மாட்டியிருந்த அந்த உறுமியை இறக்கிப் பார்த்தேன். வளைந்த குச்சி தேய்த்துத் தேய்த்துத் தடம் விழ வேண்டிய தோல், புதிதாகவே இருந்தது. அழுதுவிட்டேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டைச் சின்ன மாதிரியாகச் செய்ய 2009-இல் வாங்கிய ரப்பர் மரப் பலகை என் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிள்ளைகள் படிப்பு, ஓவர்டைம், அப்புறம் வீட்டுக் கடன். மருந்து ஏற்றாத ரப்பர் பலகையை வண்டு விடாது. ஓரமெல்லாம் மாவாகக் கொட்டியிருந்தது. சரி, மிஞ்சியதை அறுத்தேன்.

நேற்றிரவு வாசற்படி மூன்றும் முடிந்தன. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்படி ஜன்னலை மறந்துடாதடா" என்றார்.