மாரி முதல் கச்சான் வரை: நீர்வர்ண மடல் நாட்குறிப்பு

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

கிளிநொச்சியில் ஐப்பசி மழை இறங்கிவிட்டது. வருகிற ஆடிப்பிறப்பு வரைக்குமான வாழ்த்து மடல்களை முழுவதும் எங்கள் பருவங்களைக் கொண்டே செய்வது என்று முடிவெடுத்திருப்பதால், வேலை நடக்க நடக்க அதைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன்.

நீர்வர்ண மடல் செய்யக் கற்றுத்தரும் காணொளிகளுக்கு இணையத்தில் குறைவில்லை. நான் தூரிகை பிடிக்கப் பழகியதும் அவற்றைப் பார்த்துத்தான். அவர்களுடைய ஆண்டு நான்கு பருவங்களாக ஓடுகிறது: வசந்தத்துக்குச் செரிப்பூ, கோடைக்கு எலுமிச்சைத் துண்டு, இலையுதிர் காலத்துக்குச் சிவந்த மேப்பிள் இலையும் பூசணியும், குளிருக்குப் பனி மூடிய பைன் மரம். எங்களுக்கு வாய்த்தவை மாரி, மார்கழிப் பனி, தை அறுவடை, சித்திரை வெயில், அதன் பின் வரும் கச்சான் என்னும் வறண்ட காற்று. மேப்பிள் இலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூவரசம் இலையை வைத்தால் மடல் எங்கள் வன்னி நிலத்து மடலாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாளில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பருவமே தீர்மானிக்கிறது. நீர்வர்ணத்தில் மற்றதெல்லாம் அந்த ஈரத்தைப் பொறுத்தது. காணொளியில் கற்பிப்பவர் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லும்போது, அது அவருடைய குளிர்ந்த அறைக்குரிய ஒரு நிமிடம். மாரியில் அது இங்கே பத்து நிமிடமாக நீளும். ஆனி மாதத்து நடுப்பகலில் அதில் பாதிகூடக் கிடைக்காது.

தாள் வந்து சேர்ந்துவிட்டது. சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள பருத்தித் தாள், ஏ4 அளவு. குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் ஏ6 அளவுள்ள மடல் கிடைக்கும், அது 114 × 162 மில்லிமீற்றர் உறைக்குள் இடைவெளியோடு அமரும். மடிக்கும் முன் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது அவசியம். நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல வளைத்தால் எந்தப் பக்கம் எளிதாக இணங்குகிறதோ அதுவே இழைவழி. அவ்வழியே மடித்தால் விளிம்பு பிளக்காது. மை தீர்ந்த பேனாவால் அடிமட்டத்தை ஒட்டி ஒருமுறை அழுத்தமாகக் கோடிழுத்துவிட்டு மடிக்கிறேன். மீதித் தாள்களை, சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத பெட்டியில் வைத்தாயிற்று. தாளுக்கு ஊட்டப்பட்ட பசை மாரி ஈரத்தில் கெட்டுவிட்டால் நிறம் மேலே நிற்காமல் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கிவிடும். அதற்குப் பின் அந்தத் தாளை மீட்க வழியில்லை.

2024 நவம்பர் 10, ஞாயிறு

வேலியோரக் கிளுவையில் ஏறியிருக்கும் கார்த்திகைப் பூக்கொடி பூத்திருக்கிறது. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அடுத்த கிளையைப் பிடிக்கிறது. ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலெழுந்து நிற்க, கேசரங்கள் சுற்றிலும் விரிந்து கிடக்கின்றன. சூல்தண்டு மட்டும் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. பூவை முன்பக்கத்திலிருந்து கீறுபவர்கள் இந்தத் திருப்பத்தைத் தவறவிடுவார்கள். பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தால்தான் அது தெரியும்.

இதழின் அடி மஞ்சள், நுனி சிவப்பு, இரண்டும் நடுவில் கலக்கும் இடத்தில் ஒரு செம்மஞ்சள். இதைத் தூரிகையால் கலந்து பூசினால் உயிர் இராது. தாளின் மேலேயே கலக்க விட வேண்டும். ஒரு இதழை மட்டும் சுத்தமான நீரால் நனைத்து, அடியில் எலுமிச்சை மஞ்சளை இட்டு, நீரின் பளபளப்பு அடங்கும் வரை பொறுத்திருந்து நுனியில் சிவப்பைத் தொட வேண்டும். பளபளப்பு இருக்கும்போதே தொட்டால் சிவப்பு அடிவரை ஓடி மஞ்சளை விழுங்கிவிடும். பளபளப்புப் போய், தாள் தொட்டால் குளிர்ந்திருக்கும் அந்தச் சிறிய இடைவேளையில் தொட்டால் சிவப்பு தானாகவே நடுவில் நின்றுவிடும். குளிர்நாட்டுக் காணொளிகளில் இந்த இடைவேளை கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறது. எங்கள் மாரியிலோ அது தாராளமாக நீள்வதால், இப்பூவைக் கீற இப்பூ மலரும் காலமே உகந்த காலம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடுத்த இதழைத் தொடுவதற்கு முன் இது காய்ந்தாக வேண்டும் என்பதால், பல மடல்களை வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றிலும் ஒரு இதழாகச் சுற்றி வருகிறேன்.

வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளிடம் கொடியைக் கொடுக்கும் முன், கையைக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். இதன் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு.

இந்த மடல்களின் உள்ளே நான் வாழ்த்து எதையும் எழுதுவதில்லை. கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் அந்த வீட்டில் நினைவுகூரப்படும் ஒருவர் இருப்பார். பெறுபவர் தமக்கு வேண்டியதை எழுதட்டும் என்று உட்பக்கத்தை வெறுமையாகவே விடுகிறேன்.

2024 நவம்பர் 28, வியாழன்

தாழமுக்கத்தின் மழை. குளங்கள் நிரம்பி வான் பாய்கின்றன, தாழ்ந்த வீதிகளில் வெள்ளம். தூரிகையைத் தொடவில்லை. முற்றத்தில் வைத்த வாளியில் நிறைந்த மழைநீரைப் போத்தல்களில் ஊற்றி வைத்தேன். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், நிறத்திலும் அதே வெள்ளை மங்கல் தெரியும்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

பனி பொழியும் காட்டைக் கீறக் கற்றுத்தரும் ஒரு காணொளியை மறுபடி பார்த்தேன். அதில் சொல்லப்படுவது மூன்றே செய்திகள்: தாளின் வெண்மையைக் காப்பாற்று, தொலைவிலுள்ள மரத்தை மங்கலாகவும் குளிர்ந்த நிறத்திலும் வை, அதன் அடியை ஈரத் தூரிகையால் கரைத்துவிடு. மார்கழிக் காலையில் குளக்கட்டில் நின்றால் தெரிவதும் இதுவே. எதிர்க்கரை மருத மரங்களின் தலை தெரியும், அடி தெரியாது. நீரும் பனியும் பிரியும் கோடும் தெரியாது. ஆகவே செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, பைன் மரங்களின் கூர்முனைக்குப் பதிலாக மருதத்தின் அகன்ற தலையை வைத்தேன். சாம்பலுக்குக் கறுப்பைத் தொடவில்லை. அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்து தரும் சாம்பலில், நீலம் கூடினால் விடியலும் கபிலம் கூடினால் வெயில் ஏறிய பொழுதும் கிடைக்கின்றன.

கிறிஸ்மஸ் மடல்கள் இன்னொரு வேலை. கடைகளில் தொங்கும் அச்சு மடல்களில் பெரும்பாலும் பனி மூடிய வீடுகளே இருக்கின்றன, பண்டிகைக்கும் பனிக்கும் பிறவிப் பந்தம் இருப்பதுபோல. 1843இல் ஹென்றி கோல் என்பவர் லண்டனில் ஜோன் கொல்கொட் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரைவித்து விற்பனைக்கு விட்ட முதல் கிறிஸ்மஸ் மடலில் பனியே இல்லை. ஒரு குடும்பம் மேசையைச் சுற்றியிருந்து கிண்ணம் உயர்த்துகிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். கிடுகு வேய்ந்த குடிலில் பாலனைக் கிடத்தி, வாசலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை நிறுத்தி நான் கீறும் மடலுக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கிடுகின் பின்னலைக் கோடுகோடாக இழுக்காமல், கபில நிறம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையின் மறுமுனையால் கீறினால், கீறிய இடத்தில் நிறம் இறங்கி இருண்ட இழைகள் தாமாகவே விழுகின்றன.

2025 ஜனவரி 5, ஞாயிறு

பொங்கல் மடல்கள். அறுவடைக்கு முதிரும் காலபோக (மாரிப் பயிர்) வயலின் நிறம் ஒன்றல்ல: வரம்போரம் இன்னும் பச்சை, நடுவில் மஞ்சள், கதிர் சாய்ந்த இடத்தில் கபிலம். மண்மஞ்சளான யெலோ ஓக்கரை முதலில் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போது மற்றவற்றை அங்கங்கே விட்டுவிடுவது நன்றாக வருகிறது.

கோலத்துக்கு, நிறம் படாமல் தாளை மறைத்துக் காக்கும் மாஸ்கிங் புளூயிட் வேண்டும் என்பது காணொளிகளின் கட்டளை. அது இறப்பர் பாலில் அமோனியா சேர்த்துச் செய்வது. எங்கள் வெப்பத்தில் போத்தலுக்குள்ளேயே திரைந்துவிடும், தாளில் சற்று அதிக நேரம் இருந்தால் உரிக்கும்போது தாளையும் கொண்டு வந்துவிடும். வெள்ளை மெழுகுதிரியைக் கூராகச் சீவிக் கோலத்தைக் கீறி, மேலே செம்மண் நிறத்தைப் பூசுவது எங்களுக்குப் போதும். மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது. மெழுகை அகற்ற முடியாதுதான். ஆனால் கோலத்தை அகற்றும் தேவை யாருக்கு உண்டு?

பிள்ளைகளில் மிகச் சிறியவள் தன் பெட்டியைத் துழாவிவிட்டு, "அக்கா, வெள்ளை கலர் எங்க?" என்று கேட்டாள். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகால் கண்ணுக்குத் தெரியாமல் கீறியதன் மேல் அவளையே நிறம் பூச வைத்தேன். கோலம் எழுந்து வந்ததும் அவள் தூரிகையை வைத்துவிட்டு இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு மெழுகுதிரிக்குப் பெரும் அடிபிடி.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

மன்னாருக்குப் போய் வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளைப் பார்த்து வந்தேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்ட இடம் அது. தொலைவிலிருந்து பார்க்கும்போது அவை ஏறத்தாழ வெள்ளையாகவே இருக்கின்றன. எழுந்து பறக்கும்போதுதான் சிறகின் கருஞ்சிவப்புச் சட்டென்று திறக்கிறது. உவர்நீரின் பாசியிலும் சிற்றிறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் அந்தச் சிவப்பைத் தருகிறது.

இணையத்தில் பூநாரைக்கு எல்லோரும் எடுப்பது ஒபெரா இளஞ்சிவப்பு. கண்ணைப் பறிக்கும் அந்த நிறத்துக்குக் காரணம் பி.ஆர். 122 என்னும் நிறமியோடு கலந்த ஒளிரும் சாயம். வெளிச்சத்தில் முதலில் வெளிறுவதும் அந்தச் சாயமே. மடலைப் பெறுபவர் அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்கப் போவதில்லை, சுவரிலோ யன்னலோரத்திலோ வைப்பார், எங்கள் வெயில் அங்கேயும் வரும். ஆகவே குழாயின் முதுகில் பி.வி. 19 என்று அச்சிட்ட குயினாக்ரிடோன் ரோசையே எடுக்கிறேன். நிறமிக் குறியீடு அச்சிடாத வர்ணம் மலிவாகக் கிடைத்தால், ஒரு தாள் துண்டில் பூசி, பாதியை மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் சில வாரங்கள் ஒட்டிவைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் இடையில் கோடு தெரிந்தால் அதைப் பிறருக்கு அனுப்பும் மடலில் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

2025 மார்ச் 30, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு மடல்களுக்குக் கொன்றையும் வேப்பம்பூவும். கொன்றை எளிது. வேப்பம்பூ வெள்ளை, அதுவும் மிகச் சிறிது. பூவை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இலையின் பச்சையை மட்டும் கீறினால் பூ தானாக வந்துவிடுகிறது.

2025 ஜூன் 1, ஞாயிறு

கச்சான் வீசுகிறது. மதியத்தில் தூரிகை தாளைக் கடந்து முடிப்பதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து, நடுவில் கடினமான விளிம்பு விழுந்துவிடுகிறது. வானத்தைப் பரப்ப வேண்டுமென்றால் விடியலில் எழ வேண்டும். அல்லது தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து வழுவழுப்பான ஓட்டின் மேல் ஒட்டிக் கிடத்த வேண்டும். கீழிருக்கும் ஈரம் மேலே வந்துகொண்டிருப்பதால் தாள் நெடுநேரம் இணங்கிக் கிடக்கும். நீரில் ஒரு துளி கிளிசரின் விடுவதும் உண்டு, ஆனால் கூடினால் நிறம் பிசுபிசுக்கும்.

இந்தக் காற்றோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கேற்ற வேலையைச் செய்வதே சரி. கச்சான் மாதங்கள் வரள் தூரிகைக்குரியவை. நிறத்தைக் கெட்டியாகத் தொட்டு, துணியில் ஒற்றி, சொரசொரப்பான தாளின் மேல் தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் பற்றி, பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். பனையின் தண்டு இதைவிட வேறு வழியில் அமையாது. குறுக்கே சிறு சிறு இழுப்புகளாகக் கீழிருந்து மேலே போனால் பழைய மட்டைகள் விட்டுச் சென்ற வடுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. மாரியில் இதையே செய்தால் இழுப்புகள் ஒன்றோடொன்று கசிந்து குழைந்துவிடும்.

சந்தையில் பாலைப்பழம். கொஞ்சம் வாங்கி வந்து தட்டில் கொட்டிக் கீறினேன். சிறிய மஞ்சள் உருண்டைகளின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் மஞ்சள் பச்சையாகிப் பழம் காயாகிவிடும். மிக மெல்லிய ஊதாவை அடிப்பக்கத்தில் இட்டால் பழுத்த நிறம் கெடாமல் உருளுகிறது.

2025 ஜூலை 13, ஞாயிறு

வியாழக்கிழமை ஆடிப்பிறப்பு. ஆடிக்கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வழிகாட்டும் காணொளியை நான் எங்கும் காணவில்லை; ஆகவே இதுவரை சேர்த்த செய்முறைகளிலிருந்து பொறுக்கி நாங்களே ஒழுங்கமைத்தோம். மண்சட்டியில் பனங்கட்டி நிறக் கூழ், அதன் மேல் பிலாவிலைக் குவளை. கூழுக்குப் பேர்ன்ட் சியன்னாவை நீர் மிகுத்துப் பரப்பி, காயும் முன் ஆங்காங்கே மஞ்சளைச் சொட்டினால் தேங்காய்ப்பால் மிதப்பது தெரிகிறது. பிலாவிலையின் மினுமினுப்பு, பூசாமல் விட்ட தாள்தான். நடு நரம்பை மட்டும், பச்சை காய்ந்தபின், பிழிந்த ஈரத் தூரிகையால் ஒருமுறை தேய்த்துத் துணியால் ஒற்றி வெளிறச் செய்தோம். எல்லாப் பச்சையும் இதற்கு இணங்காது: தலோ பச்சை தாளில் ஆழப் பற்றிவிடும் என்பதால் அல்ட்ராமரீனையும் மஞ்சளையும் கலந்தே எடுத்தோம். அயலிலுள்ளவர்களுக்குரிய மடல்களைப் பிள்ளைகள் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்; வெளியூர் மடல்கள் நாளைக்குத் தபால் கந்தோருக்குப் போக வேண்டும்.

அடுத்தது மடு மாதாவின் ஆவணித் திருவிழா, ஆகஸ்ட் 15. பாலை மர நிழலில் கூடாரமடித்துத் தங்கியிருக்கும் யாத்திரிகர்களை மன்னார்ச் சிநேகிதிக்குரிய மடலில் கீற எண்ணியிருக்கிறேன். கச்சான் அதற்குள் அடங்காது. மரங்களையும் மணலையும் வரள் தூரிகையிலேயே தொடங்கிவிட்டு, கூடாரத் துணிகளுக்கு மட்டும் விடியலின் ஈரத்தை வைத்துக்கொள்கிறேன்.